இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே ஒரு தலைநகரம்

கப்பலில் போய் உலகம் சுற்றியவன் என்று திண்டுக்கல்லில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். கேட்பவரும் கண்ணை விரித்து, "எத்தனை நாடு பார்த்திருப்பீங்க?" என்பார். போன நாடு நிறைய, பார்த்தது கொஞ்சம். பயணிகள் கப்பலில் சமையல்காரனுக்கு ஒரு ஊர் என்பது, மத்தியானச் சாப்பாட்டுக் கவுன்ட்டரைத் துடைத்து ஒப்படைப்பதற்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏப்ரன் கட்டுவதற்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான். அதற்குள் குளிக்க வேண்டும், சட்டை மாற்ற வேண்டும், கீழ்த்தளத்தில் கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிற சிப்பந்திகள் நடைபாதையைக் கடந்து வாசலுக்கு வர வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயரை வைத்து அந்த நடைபாதையை 'ஐ-95' என்போம். அங்கே எப்போதும் ஒரு ட்ராலி குறுக்கே நிற்கும்.

அப்படிக் கிடைத்த நேரத்தில் கரீபியன் கடலில் வரிசையாகத் தலைநகரங்கள். பார்படோஸில் பிரிட்ஜ்டவுன், செயின்ட் லூசியாவில் காஸ்ட்ரீஸ், ஆன்டிகுவாவில் செயின்ட் ஜான்ஸ். ஒவ்வொரு தீவும் ஒரு நாடு, ஒவ்வொரு நாட்டின் துறைமுகமே அதன் தலைநகரம். காலையில் ஒரு தலைநகரத்தில் நங்கூரம், ராத்திரி முழுக்கக் கடல், விடிந்தால் இன்னொரு தலைநகரம். பெரும்பாலான ஊர்களில் நான் பார்த்தது துறைமுக வாசலுக்கு வெளியே இருக்கிற சிம் கார்டு கடையும், வீட்டுக்குப் பேச ஒரு நிழலான இடமும்தான். அந்த ஊர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மார்ட்டினிக் தீவின் ஃபோர் து ஃபிரான்ஸ் மட்டும் வேறு.

அதற்கு முன் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் கரையில் கட்டியிருந்தாலும் எல்லாரும் இறங்கிவிட முடியாது. தீப்பிடித்தால், ஆள் இறக்க வேண்டியிருந்தால் கையாள ஒரு பங்கு சிப்பந்திகள் எப்போதும் உள்ளே இருந்தாக வேண்டும். அதற்கு 'போர்ட் மேனிங்' என்று ஒரு பட்டியல் போடுவார்கள். நல்ல ஊர் வருகிற நாளில் நம் பெயர் அதில் இருக்கும். அதை மாற்றிக்கொள்ள இன்னொருவரிடம் பேரம் பேசுவோம்: எனக்கு இன்றைக்கு நீ நில், உனக்கு நாளைக்கு நான் நிற்கிறேன். இந்தப் பேரத்தில் கடன், வட்டி, நன்றி எல்லாமே உண்டு. பிலிப்பைன்ஸ்காரர்கள் இதில் கில்லாடிகள்.

கரையில் நிற்கிற நாளில் பயணிகள் பாதிக்கு மேல் ஊர் சுற்றப் போய்விடுவார்கள். மத்தியானப் பந்தியில் கூட்டம் குறையும். செஃப் நல்ல மனநிலையில் இருந்தால் பன்னிரண்டு மணிக்கே சிலரை விடுவிப்பார். ஆனால் தட்டை வைத்துவிட்டு ஓடிவிட முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகிற பயணிகள் கப்பல்களை அந்த நாட்டுச் சுகாதாரத் துறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கும். 100-க்கு மதிப்பெண். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி, அதைப் பொதுவில் வெளியிட்டும் விடுவார்கள். சூடாக வைக்கிற பதார்த்தம் 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. மிச்சத்தை ஆற வைப்பதற்கும் கணக்கு உண்டு: 57-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5-க்கு மேலும் நான்கு மணி நேரத்தில். எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் தாண்ட வேண்டும்.

நான் தொழில் பழகிய இடத்தில் தெர்மாமீட்டரே கிடையாது. திண்டுக்கல் பிரியாணிக் கடை ஒன்றில் கையாளாகச் சேர்ந்தேன். நாகசாமி நாயுடு 1957-ல் ஆனந்த விலாஸ் என்று ஆரம்பித்து, அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாவாலேயே தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்ற கடை ஊருக்கே ஒரு தொழிலைக் காட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு தேக்சா ஏறியது. நான் நின்றது அவற்றில் பெயர் சொல்லும்படி இல்லாத ஒரு சின்னக் கடை. சின்ன வெங்காயம் உரிப்பதில் ஆரம்பித்து, சீரகச் சம்பா அரிசி களைவதுவரை வந்து, அப்புறம்தான் மாஸ்டர் அடுப்புப் பக்கம் விட்டார். விறகைத் தள்ளிவிட்டுக் கங்கை மூடிமேல் போட்டுத் தம் கட்டும்போது அவர் கையை மூடிக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பார்ப்பார். "டேய் தம்பி, இன்னும் ரெண்டு கரண்டி கங்கு போடு." அவ்வளவுதான் பாடம். கையில் உணர்ந்த சூடு எத்தனை டிகிரி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தம் உடைக்கும்போது பருக்கை பருக்கையாக நிற்கும்.

கப்பலில் நெருப்பே கிடையாது. கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லாததால் எங்கள் கப்பலில் எல்லாம் மின்சாரமும் நீராவியும்தான். இந்திய மெனு வருகிற நாளில் என்னிடம் பிரியாணி சொல்வார்கள். ஆவியும் சூடும் சேர்ந்து வருகிற அடுப்புப் பெட்டியில், ஈயத்தாளால் மூடிய தட்டுகளில் தம் போடுவேன். கோழித்துண்டின் நடுவில் ஊசியைச் செருகி 74 டிகிரி பார்த்து, நேரம் எழுதி வைப்பேன். பாசுமதிதான் கிடைக்கும். வெள்ளைக்காரர்கள் பாராட்டிச் சாப்பிட்டார்கள். எங்கள் மாஸ்டர் அந்தத் தட்டைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அது இங்கே எழுதத் தக்கதல்ல.

கடலே இல்லாத ஊரிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போனாய் என்று கேட்பார்கள். கேட்டரிங் டிப்ளமோ, அப்புறம் சென்னையில் தீயணைப்பு, முதலுதவி, கடலில் விழுந்தால் பிழைப்பது என்று கட்டாய வகுப்புகள், கப்பல் சிப்பந்திக்கான சி.டி.சி. புத்தகம், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி, ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் அமெரிக்க விசா. வழி அவ்வளவுதான். ஒன்று மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணி லாரிக்குக் காத்திருந்த ஊர்க்காரன் நான். கப்பலில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கிக் குழாயில் விடுகிறார்கள், ராப்பகல் வருகிறது. குழாயைத் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவுகிறவனைப் பார்த்தால் கை தானாகப் போய் மூடிவிடும்.

ஃபோர் து ஃபிரான்ஸில் கப்பல் புவாந்த் சிமோன் என்கிற துறையில் நின்றால் ஊருக்குள்ளேயே நின்ற மாதிரி. படியிறங்கினால் கடலோர நடைபாதை, அதைத் தாண்டினால் கடைத்தெரு. சிப்பந்திக்கு இது பெரிய வசதி. டாக்ஸிக்குக் காசும் நேரமும் மிச்சம். இன்னொரு துறையும் உண்டு, அங்கே கட்டினால் நடை கூடும். என்னோடு இறங்கியவர் மொரீஷியஸ்காரர், ரொட்டிப் பிரிவில் இருந்தவர். பிரெஞ்சும் கிரியோலும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தியப் பெருங்கடல் கிரியோலும் இந்தத் தீவின் கிரியோலும் ஒன்றல்ல என்றாலும் அவர் சமாளித்துவிடுவார். அவர் இல்லாமல் போயிருந்தால் நான் இந்த ஊரையும் சிம் கார்டு கடையோடு முடித்திருப்பேன்.

மார்ட்டினிக் தனி நாடல்ல. 1946-லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம் மாதிரி. பாரிஸிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் செலவாணி யூரோ, போலீஸ் உடுப்பும் தபால் பெட்டியும் பிரெஞ்சு. தீவு முழுவதும் சேர்த்து 1,128 சதுர கிலோமீட்டர். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. தலைநகரத்து ஜனத்தொகை திண்டுக்கல் மாநகராட்சியில் பாதியைத் தொடாது. துறைமுகத்தை ஒட்டி ஒரு கோட்டை, செயின்ட் லூயி கோட்டை, இன்னும் கடற்படை கையில் இருக்கிறது. நம் மலைக்கோட்டையில் இப்போது தொல்லியல் துறை டிக்கெட் கொடுக்கிறது. ஊர் நடுவில் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கடல்மட்டத்துக் கோட்டை ரொம்பக் குள்ளம்.

கோட்டைக்கு எதிரே சவான் என்கிற மைதானம். நான் போன காலத்தில் அங்கே தலையில்லாத ஒரு பெண் சிலை நின்றது. கழுத்தில் சிவப்புப் பெயின்ட் வழிந்திருந்தது. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபின். இந்தத் தீவில் பிறந்தவள்தான், விரிகுடாவுக்கு அக்கரையில் த்ருவாஸிலே என்கிற ஊர், 1763. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை தொடர 1802-ல் நெப்போலியன் சட்டம் போட்டதற்குப் பின்னால் அவள் கை இருந்தது என்பது தீவுக்காரர்களின் கோபம். 1991-ல் யாரோ தலையை வெட்டி எடுத்தார்கள். நகராட்சி அதைத் திரும்பச் செய்து வைக்கவில்லை. 2020 ஜூலையில் மிச்சச் சிலையையும் இழுத்துத் தள்ளிவிட்டார்கள் என்று பிறகு செய்தியில் படித்தேன். பக்கத்திலேயே இரும்பும் கண்ணாடியுமாக ஒரு நூலகம். ஹென்றி பிக் என்கிற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பாரிஸில் கூட்டிக் காட்டி, பிரித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டினார்களாம். அடிமை ஒழிப்புக்குப் போராடிய விக்தர் ஷோல்ஷர் தந்த புத்தகங்களுக்காகக் கட்டியது. பயணிகள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். கையில் நேரம் குறைவு, எனக்கு வேண்டியது மார்க்கெட்.

சமையல்காரனிடம் கேட்டால், எந்த ஊரிலும் முதலில் பார்க்க வேண்டியது மார்க்கெட்தான். சிலையும் கட்டடமும் ஊர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதைச் சொல்லும். அன்றைக்கு என்ன வேகப்போகிறது என்பதை மார்க்கெட் சொல்லும். இந்த ஊர்ப் பெரிய மார்க்கெட்டும் அதே பிக்கின் வேலை, இரும்புத் தூண்களில் நிற்கிற கூரை. மத்தியானம் கடந்தால் ஒவ்வொருவராக மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று மொரீஷியஸ்காரர் அவசரப்படுத்தினார்.

உள்ளே நுழைந்ததும் முன்வரிசை சுற்றுலாக்காரர்களுக்கு. பாட்டிலில் ஊறவைத்த ரம், வனிலா, பொம்மைகள். பொம்மைகளுக்கு உடுத்தியிருந்த துணியைப் பார்த்து நின்றேன். மஞ்சள், சிவப்பு, பச்சைக் கட்டம். மேஜைவிரிப்பாக, தலைப்பாகையாக, பாவாடையாக எங்கும் அதே கட்டம். இந்தத் தீவுப் பெண்களின் பாரம்பரிய உடையே அந்தத் துணிதான், அதற்குப் பெயர் 'மெட்ராஸ்'. நம் கடற்கரையிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வியாபாரக் கப்பல்களில் போய்ச் சேர்ந்த கைத்தறிக் கட்டம். நம் ஆட்கள் அங்கே கூலிக்குப் போவதற்கு முன்பே துணி போய்விட்டது. சின்னாளப்பட்டிப் பக்கம் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கைலியைத் தலையில் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற ஒரு ஊர் இருப்பது வேடிக்கையாக இருந்தது. இப்போது விற்பதில் பெரும்பகுதி மில் துணி. விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரிகிறது.

பின்வரிசைதான் ஊர்க்காரர்களுக்கு. மரவள்ளி, சேனை மாதிரி ஒரு கிழங்கு, பச்சை வாழைக்காய்ச் சீப்பு, எலுமிச்சை, புளி, மாங்காய். நடுவில் ஒரு கூடை நிறையச் சவ்சவ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் பந்தல் போட்டு விளைவித்து, மூட்டை மூட்டையாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வந்து இறங்குகிற காய். கப்பலில் ஏறியபிறகு கண்ணில் பட்டதேயில்லை. "இது எங்க ஊர்க் காய்" என்று மொரீஷியஸ்காரரிடம் சொன்னேன். அவர் அதை அந்தக் கடைக்கார அம்மாவிடம் சொன்னார். அறுபதைத் தாண்டிய அம்மா. அவர் பதில் ஒரே வரிதான்: "இது எங்க ஊர்க் காய்." நியாயம் அவர் பக்கம். சவ்சவ் மெக்சிகோ, மத்திய அமெரிக்காப் பக்கத்துக் கொடி. நம் கீழ்ப்பழனி மலைக்கு அது பிற்பாடு வந்து சேர்ந்தது.

அந்த அம்மாவின் கடையில் பாலித்தீன் பையில் மஞ்சள் நிறப் பொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார். கையில் எடுத்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு. அடியில் வறுத்த வாசனை ஒன்று, அரிசி என்று பிறகு சொன்னார். இதைப் போட்டு ஆட்டுக்கறியோ கோழியோ சமைத்தால் அதற்குப் பெயர் 'கொலம்போ'. அந்தத் தீவில் கல்யாணம், கருமாதி, ஞாயிற்றுக்கிழமை எதற்கும் கொலம்போ. எல்லா ஜாதி ஜனமும் சாப்பிடுகிறார்கள், ஓட்டல் பலகையில் எழுதிப் போடுகிறார்கள், தீவின் சொந்தச் சாப்பாடு என்று பெருமை வேறு.

செய்முறையைக் கேட்டேன். தொழில்காரன் கேட்கிறான் என்று தெரிந்ததும் அந்த அம்மா மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டார். கறியை எலுமிச்சையும் பூண்டும் பொடியும் போட்டு ஊற வைக்க வேண்டும். எண்ணெயில் வதக்க வேண்டும். தண்ணீர் விட்டு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சவ்சவ் போட வேண்டும். கொஞ்சம் புளியோ மாங்காயோ. மிளகாயை முழுசாக மேலே போட்டு, அது உடையாமல் கொதிக்க விட்டு, கடைசியில் எடுத்துவிட வேண்டும். அவர்கள் மிளகாய் குட்டையானது, விளக்குப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும், ஒன்று உடைந்தால் சட்டியே போச்சு. பொடியில் மிளகாய் ஏன் இல்லை என்று கேட்டேன். "பொடி மணத்துக்கு, காரம் அவரவர் இஷ்டத்துக்கு" என்றார்.

என் மூக்கு சொன்னதைச் சொல்கிறேன். மிளகாயைக் கழித்துவிட்டால் அது நம் கறிமசால் பொடியின் சொந்தக்காரன். தூரத்துச் சொந்தம்கூட இல்லை, பெரியப்பா பிள்ளை. பட்டை, கிராம்பு, சோம்பு வீசவில்லை. ஓட்டல் வாசனை அறவே இல்லாமல், பழைய காலத்து வீட்டுக் குழம்பின் வாசனை. நூற்றைம்பது வருஷத்தில் பாஷை போய்விட்டது, பெயரின் உச்சரிப்பு மாறிவிட்டது. மல்லிக்கும் வெந்தயத்துக்கும் உள்ள அளவு மட்டும் மாறவில்லை. இதை நான் ஆச்சரியமாகச் சொல்லவில்லை. சமையல் கட்டில் நின்றவனுக்குத் தெரியும், அளவு கையில்தான் இருக்கும். எழுதி வைத்துப் பழகியதில்லை.

"நீங்க எங்கிருந்து?" என்று அந்த அம்மா மொரீஷியஸ்காரர் மூலம் கேட்டார். இந்தியா என்றேன். தென்பக்கம் என்றேன். அவர் தன் மார்பில் விரலை வைத்து, கையைப் பின்பக்கமாக வீசிக் காட்டினார். பாட்டிக்குப் பாட்டி வந்தவர் என்று மொழிபெயர்ப்பு வந்தது. அவர் முகத்தில் எனக்கு எந்த அடையாளமும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று நினைப்பதும் நம் பக்கத்துப் பழக்கம். அவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் பையின் விலையைச் சொன்னார்.

இந்த விஷயத்தைப் பின்னால்தான் தேடிப் படித்தேன். பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான ஜனம் பழைய எஜமானுக்குக் கரும்பு வெட்டத் தயாராக இல்லை. தோட்டக்காரர்கள் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். 1853 மே மாதம் ஔரேலி என்கிற கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது, செயின்ட் பியேர் துறையில். அப்போது தீவின் பெரிய பட்டணம் அதுதான். 1902 மே 8-ல் பெலே எரிமலை வெடித்து அந்த ஊரைச் சில நிமிஷங்களில் அழித்தது, இருபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், அப்புறம்தான் வியாபாரமும் ஃபோர் து ஃபிரான்ஸுக்கு இடம் மாறியது. 1854-ல் அதே ஔரேலி குவாதலூப் தீவுக்கும் ஆள் கொண்டு போனது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றினார்கள். 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டதால் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. 1880-களில் எல்லாம் நிற்பதற்குள் மார்ட்டினிக்குக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல், குவாதலூப்புக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள்.

புதுச்சேரியில் ஏறினால் ஆப்பிரிக்கத் தென்முனையைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். பாய்மரத்தில் சுமார் மூன்று மாதம். படிக்கும்போது என் புத்தி போனது சமையலறைக்குத்தான். அரிசி, பருப்பு, கருவாடு, புளி. மூட்டை ஈரமாகாமல் எப்படி வைத்தார்கள்? சாய்கிற தளத்தில் அத்தனை பேருக்குச் சோறு வடித்தவன் யார்? அந்தக் காலத்து ஆங்கிலேயக் கூலிக் கப்பல்களில் இந்தச் சமையலாளுக்குப் பண்டாரி என்று பெயர். இந்தியச் சிப்பந்திகள் ஓடுகிற சரக்குக் கப்பல்களில் சிப்பந்திகளுக்குச் சமைப்பவரை இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் நண்பர்கள் சிலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் தொழிலுக்கு இந்தக் கதையில் ஒரு மூலையில் இடம் உண்டு.

கப்பலில் வேலை பார்த்த நீயும் ஒப்பந்தக் கூலிதானே என்று ஒரு நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கப்பல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2006-ல் எழுதி, 2013-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-ல் சேர்ந்தது. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு என்று அதில் இருக்கிறது. கணினியில் நேரம் பதிவாகிறது. பதிவுக்கும் உண்மைக்கும் சில சமயம் இடைவெளி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கான்ட்ராக்ட் முடிந்ததும் கையில் திரும்பும் டிக்கெட் வந்துவிடும். அவர்களுக்கும் ஐந்து வருஷம் கழித்துத் திருப்பி அனுப்புவதாக எழுதித்தான் கொடுத்தார்கள். அங்கேயே செத்தவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

தீவின் வடகோடியில், பாஸ் புவாந்த் பக்கம், கரும்பும் வாழையும் விளைகிற இடத்தில் கோயில்கள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்த நேரத்தில் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. மார்க்கெட் அம்மா சொன்னதும் படித்ததும்தான் என்னிடம் உள்ளது. அங்கே மாரியம்மன் 'மரியெமென்'. மதுரைவீரன் 'மால்தெவிலென்'. அவருக்கு வேண்டுதல் என்றால் கிடா வெட்டு, சேவல் வெட்டு. பூசாரி அருள் வந்து, உதவியாளர்கள் பிடித்திருக்கும் வெட்டரிவாளின் விளிம்பில் ஏறி நிற்பார். தப்பு அடிப்பார்கள். அர்த்தம் மறந்துபோன தமிழ்ப் பாட்டு பாடுவார்கள். வெட்டிய கிடாயைக் கொலம்போ வைத்து வாழை இலையில் பந்தி. திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசி மாதம் பூச்சொரியும் ஊர்க்காரனுக்கு, சுற்றுப்பட்டிகளில் வீரனுக்குக் கிடா வெட்டிப் பந்தி பரிமாறிய சமையல்காரனுக்கு, இதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமே தேவைப்படவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஈரலை யாருக்குத் தனியாக எடுத்து வைப்பார்கள்? கேட்பதற்குள் மொரீஷியஸ்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டார்.

இரண்டு பை பொடி வாங்கினேன். வழியில் ஒரு கடையில் வாழைப்பழம் வாங்கித் தின்றோம். அந்தத் தீவின் பெரிய விவசாய ஏற்றுமதியே வாழைதான், பெரும்பகுதி பிரான்சுக்கு. எங்கள் கப்பலில் பயணிகளுக்கு வைக்கிற வாழைப்பழம் மட்டும் ஃபுளோரிடாவில் கன்டெய்னரில் ஏறியது. சரக்கு ஏற்றுவது புறப்படுகிற துறைமுகத்தில் ஒரே நாள். நடுவில் வரும் தீவுகளில் கப்பல் அநேகமாக எதுவும் வாங்குவதில்லை. தீவைப் பார்க்க வந்த பயணி தீவின் பழத்தைத் தின்னாமலே போவான். அந்தப் பழத்துக்குப் பின்னால் ஒரு கொடுமையும் இருக்கிறது. வாழைக் கூன்வண்டுக்காக 1972-லிருந்து 1993 வரை குளோர்டெகோன் என்கிற பூச்சிமருந்தை அங்கே தெளிக்க விட்டார்கள். பிரான்சில் 1990-லேயே தடை. தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு. மண்ணில் அது இன்னும் இருக்கிறது, மனிதர்களின் ரத்தத்திலும் இருக்கிறது. சிறுமலையில் முடிக்கொத்து நோய் வாழையை அழித்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரே பயிரை நம்பிய ஊரின் கவலை எனக்குப் புரியும்.

கப்பல் வாசலில் பையை எக்ஸ்ரேயில் போட்டார்கள். பொடியைப் பார்த்ததும் காவலர் முகம் மாறியது; முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, விட்டுவிட்டார். அறையில் வைத்துக்கொள்ளலாம், சமையலறைக்குள் போகக் கூடாது. வெளிச் சரக்கு, ரசீது இல்லாத சரக்கு ஒரு கிராம்கூட உள்ளே நுழைய முடியாது. சிப்பந்திகள் மெஸ்ஸில் ஒருநாள் கொலம்போ வைக்கலாமா என்று செஃபிடம் கேட்டேன். கேட்ட வேகத்திலேயே பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி என் பிரிவில் மீன். பொரிக்க எண்ணெயைச் சூடேற்றும்போது கப்பல் நகர்வது காலில் தெரிந்தது. ஜன்னல் கிடையாது, கிளம்பிவிட்டோம் என்று அப்படித்தான் தெரியும்.

பொடி திண்டுக்கல்வரை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளாட்டுக்கறி எடுத்து, அந்த அம்மா சொன்னபடியே எலுமிச்சையும் பூண்டும் போட்டு ஊற வைத்தேன். சவ்சவ் நறுக்கியபோதே என் அம்மா அடுப்படிக்கு வந்து நின்றுவிட்டார். "கறியில போயி சவ்சவ்வு போடுவாங்களாய்யா?" கத்தரிக்காயும் போட்டேன். அந்தத் தீவு மிளகாய் கிடைக்காததால் குண்டு மிளகாயைக் கீறாமல் மிதக்க விட்டேன். முதல் கவளத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில், "மணம் எங்க ஆத்தா வச்ச கொழம்பு மாதிரி இருக்கு" என்றார். மூன்றாவதில் எழுந்துபோய் வத்தல் பொடி டப்பாவை எடுத்து வந்து மேலே தூவிக்கொண்டார். மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது, அதற்கு முன்னால் நமக்கும் மிளகுதான் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அவுங்களுக்கு ஏன் காரம் போட்டுக்கத் தெரியல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நம்ம ஊர்ப் புகையிலையும் அந்தப் பக்கத்துச் செடிதான் என்று ஆரம்பித்தேன், வேடசந்தூரில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்து, ஸ்பென்சர்காரன் இங்கே சுருட்டு செய்து சீமைக்கு அனுப்பிய கதையெல்லாம் சொல்லலாம் என்று. அம்மா கையைக் கழுவப் போய்விட்டார்.

இன்னொரு பை மிச்சம் இருந்தது. அடுத்த முறை அந்தத் துறைக்குப் போனால் ஈரல் விஷயத்தையும், வறுத்த அரிசி எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அடுத்த கான்ட்ராக்டில் என்னை அலாஸ்கா போகிற கப்பலில் போட்டார்கள். அங்கே பாதி நாள் சால்மன் மீன்தான்.